கெய்ரோவின் வாயிலில் ஒரு வழிப்போக்கர்

இப்னு பதூதா என்றதும் தமிழ் முஸ்லிம்களின் நினைவுக்கு வருவது மாபார் நாடும் மதுரையும்தான். 1340களில் மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியிடம் வந்து தங்கி, அந்நகரைக் கொள்ளைநோய் வாட்டிய காட்சியைப் பதிவு செய்தவர் என்ற வகையில் அவரை நாம் அறிவோம். அப்போது அவர் நாற்பது வயதை எட்டியிருந்தார். தில்லியில் காழியாகப் பணியாற்றியிருந்தார், அரசவைகளில் பழகியிருந்தார், செல்லுமிடமெல்லாம் தமக்குரிய மரியாதையை எதிர்பார்க்கவும் கற்றிருந்தார். இக்கட்டுரை அந்த இப்னு பதூதாவைப் பற்றியதன்று. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், பதவியும் புகழும் இல்லாத 22 வயது இளைஞராக, அன்றைய உலகின் மாபெரும் நகரங்களுள் ஒன்றான கெய்ரோவுக்குள் அடியெடுத்து வைத்த இப்னு பதூதாவைப் பற்றியது.

அவர் மொராக்கோவின் தன்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர். மாலிக்கீ மத்ஹபைச் சார்ந்த காழிகளின் குடும்பத்தினர். ஹிஜ்ரி 725, ரஜப் 2 அன்று (1325 ஜூன்) ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். துணைக்கு எவரும் இல்லாமல் தன்னந்தனியே ஊரை விட்டு வெளியேறியதையும், அந்தப் பிரிவு இரு தரப்பினருக்கும் தந்த வேதனையையும் அவரே தமது பயண நூலான 'ரிஹ்லா'வின் தொடக்கத்தில் சொல்கிறார்.

வழியில் பிஜாயா நகரில் காய்ச்சல் கண்டது. குணமாகும்வரை தங்கிச் செல்லுமாறு உடன் வந்தவர்கள் அறிவுறுத்தினார்கள். மரணம் வருவதாயின் அது ஹிஜாஸை நோக்கிய பாதையிலேயே வரட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். வாகனப் பிராணியையும் சுமைகளையும் விற்றுவிட்டு, இரவல் பெற்ற பிராணியின் மீது பயணம் தொடர்ந்தது. வழிப்பறிக்கு அஞ்சி விரைந்து செல்ல வேண்டியிருந்ததால் இறங்கி ஓய்வெடுக்கவும் இயலவில்லை. உடல் தளர்ந்து விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டதாக எழுதுகிறார்.

இந்நிலையில்தான் அவர் தூனிஸ் நகரை அடைந்தார். நகரத்தார் எதிர்கொண்டு வந்து, பயணக் கூட்டத்தில் தங்களுக்குத் தெரிந்தவர்களைத் தேடி ஸலாம் சொல்லி நலம் விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒருவர் இருந்தார். இப்னு பதூதாவுக்கு எவருமில்லை. தம்மை அறிந்தவர் ஒருவரும் அங்கில்லை என்ற எண்ணம் நெஞ்சை அடைக்க, அவர் கண்ணீர் விட்டு அழுதார். அதைக் கண்டுகொண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் செல்லும்வரை பேச்சுக் கொடுத்து ஆறுதல்படுத்தினார். அன்றிரவு அவருக்கு இடம் தந்தது புத்தக வணிகர்களின் பெயரால் அமைந்த ஒரு மத்ரஸா.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகாலப் பயணத்தைச் சொல்லும் நூலில் இது ஒரு சிறு நிகழ்ச்சி. ஆயினும் பின்னர் வரும் நகரங்களையெல்லாம் அவர் எந்தக் கண்ணோடு பார்த்தார் என்பதை அறிய இந்நிகழ்ச்சி உதவுகிறது. தன்னை எவரும் அறியாத ஊரில் தனக்கு ஸலாம் சொல்ல யார் வருவார், இரவு தங்க எந்தக் கதவு திறக்கும் என்ற கேள்வி தூனிஸின் வாயிலில் அவருக்குள் புகுந்தது. அதற்கு விரிவான விடையை அவர் கண்ட இடம் கெய்ரோ.

1326இன் கெய்ரோ

தூனிஸிலிருந்து புறப்பட்ட ஹாஜிகள் கூட்டத்துக்கு அவரையே காழியாக நியமித்தார்கள். ஹிஜ்ரி 726, ஜுமாதல் அவ்வல் முதல் நாள், அதாவது 1326 ஏப்ரல் 5 அன்று, அவர் இஸ்கந்தரிய்யாவை (அலெக்சாந்திரியாவை) அடைந்தார். அங்கும் நைல் கழிமுகத்து ஊர்களிலும் இறைநேசர்களைச் சந்தித்துவிட்டுக் கெய்ரோவுக்கு வந்தார்.

அவர் கண்டது ஒரே நகரமன்று. ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த மூன்று குடியிருப்புகளின் தொகுதி. தெற்கே, எகிப்து முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்த காலத்தில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய ஃபுஸ்தாத். அதற்கு வடகிழக்கே 969இல் ஃபாத்திமீ தளபதி ஜவ்ஹர் அமைத்த அல் காஹிரா. இரண்டையும் நோக்கியவாறு முகத்தம் குன்றின் சரிவில் 1176இல் ஸலாஹுத்தீன் கட்டத் தொடங்கிய கோட்டை. இத்தொகுதியின் அன்றைய மக்கள்தொகையை வரலாற்றாசிரியர்கள் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை பலவாறாக மதிப்பிடுகின்றனர். குறைந்த மதிப்பீட்டை ஏற்றாலும், அதே காலத்து லண்டனைப்போல் இரு மடங்குக்குக் குறையாத நகரம் அது.

அரசியலிலும் அது உச்சநிலையில் இருந்த காலம். 1258இல் பக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்த பின், 1261இல் அப்பாஸீ கிலாஃபத் கெய்ரோவில் பெயரளவிலேனும் மீண்டும் நிறுவப்பட்டது. கிழக்கிலிருந்து புலம்பெயர்ந்த அறிஞர்களும் கைவினைஞர்களும் நைல் கரையில் குடியேறினர். சுல்தான் அந்நாஸிர் முஹம்மது இப்னு கலாவூன் 1310 முதல் தமது மூன்றாவது ஆட்சிக்காலத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கானியருடன் 1323இல் சமாதானம் ஏற்பட்டிருந்தது. பாதைகள் திறந்திருந்தன, சந்தைகள் நிறைந்திருந்தன.

ஆண்டவர்களே அந்நியர்கள் என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. மம்லூக்குகள் எகிப்தில் பிறந்தவர்கள் அல்லர். கிப்சாக் புல்வெளிகளிலிருந்து சிறுவயதில் அடிமைகளாக விலைக்கு வாங்கி வரப்பட்டு, போர்ப்பயிற்சி பெற்று உயர்ந்தவர்கள். சுல்தானின் தந்தை கலாவூன் ஆயிரம் தீனாருக்கு வாங்கப்பட்டவர். அதனாலேயே 'அல்அல்ஃபீ', அதாவது ஆயிரத்தார் என்ற அடைமொழி அவரோடு ஒட்டிக்கொண்டது. உறவும் ஊரும் இழந்து வந்தவர்கள் அரியணை ஏறிய நகரம் கெய்ரோ.

எது முதற்பார்வை?

இப்னு பதூதாவின் கெய்ரோ வருணனை, எதுகை நடையில் அமைந்த நீண்ட புகழுரையோடு தொடங்குகிறது. நகரங்களின் தாய் என்னும் பெருமை, எண்ணிறந்த கட்டிடங்கள், கற்றவரும் கல்லாதவரும் கலந்து நெரியும் வீதிகள் என அது அடுக்கிக்கொண்டே போகும். படிப்பதற்கு இனிமையாக இருக்கும் அப்பகுதியில் 22 வயது இளைஞரின் குரலைக் கேட்பது அரிது.

இதற்குக் காரணம் உண்டு. ரிஹ்லா பயணத்தின்போது எழுதப்பட்ட நாட்குறிப்பன்று. மரீனீ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, ஃபாஸ் நகரில் இப்னு பதூதா சொல்லச் சொல்லத் தொகுக்கப்பட்டு, 1355 டிசம்பரில் சொல்லி முடிக்கப்பட்டது. கெய்ரோவை முதன்முதலில் கண்டு அப்போது 29 ஆண்டுகள் கடந்திருந்தன; இடையில் அந்நகரை மீண்டும் பார்த்துமிருந்தார். அவர் சொன்னவற்றுக்கு நூல்வடிவம் தந்தவர் கிரனாதாவைச் சேர்ந்த இலக்கியவாதி இப்னு ஜுஸைய். எதுகைத் தோரணங்களில் பல அவருடைய கைவண்ணம் என்பது ஆய்வாளர் கருத்து. திமிஷ்க் முதலிய சில நகரங்களின் வருணனைகளில், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து நீண்ட பகுதிகள் எடுத்தாளப்பட்டிருப்பதும் நிறுவப்பட்டுள்ளது.

ஆகவே 'முதற்பார்வை' என்று நாம் கையிலெடுப்பது, நினைவும் இலக்கிய மரபும் படிந்த ஒன்று. ஆனால் புகழுரை முடிந்து, அந்நியர் ஒருவருக்கு மட்டுமே முக்கியமாகப்பட்டிருக்கக்கூடிய நுணுக்கங்களை நூல் விவரிக்கத் தொடங்கும் இடங்களும் உள்ளன. உள்ளூர்க்காரர் எழுதத் தேவையில்லை என விட்டுவிடும் செய்திகள் அவை. அங்கேதான் அந்த இளைஞரின் கண்கள் தெரிகின்றன.

தண்ணீர் சுமப்போரும் நைல் நதியும்

கெய்ரோவில் ஒட்டகங்களில் தண்ணீர் கொண்டுசெல்வோர் 12,000 பேர், கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் வாடகைக்கு விடுவோர் 30,000 பேர், சுல்தானுக்கும் குடிமக்களுக்கும் சொந்தமாக நைலில் ஓடும் படகுகள் 36,000 என்று சொல்லப்படுவதாக இப்னு பதூதா குறிக்கிறார். இவற்றைத் தாமே எண்ணிப் பார்த்ததாக அவர் கூறவில்லை, கேள்விப்பட்டதாகவே சொல்கிறார். முழு எண்களாக உருண்டு வரும் இத்தொகைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எவற்றின் எண்ணிக்கையை அவர் நினைவில் வைத்துக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. அரண்மனைகளின் எண்ணிக்கையோ படைவீரர்களின் எண்ணிக்கையோ அல்ல. தண்ணீர், வாகனம், படகு ஆகியவற்றின் எண்ணிக்கை. புதிய ஊருக்கு வரும் பயணி முதல் நாளிலேயே நாடி நிற்கும் மூன்றும் இவைதாம்.

தண்ணீர் சுமப்போர் அவ்வளவு பேர் தேவைப்பட்டதற்கு நகரின் அமைப்பே காரணம். ஃபாத்திமீகள் அமைத்த காஹிரா நதிக்கரையிலிருந்து விலகி நின்றது. காலப்போக்கில் நைலும் மேற்கு நோக்கி ஒதுங்கியது. கிணற்று நீர் உவர்ப்பானது. எனவே குடிநீர் முழுவதும் தோல்பைகளில் நிரப்பப்பட்டு, ஒட்டகங்களின் முதுகில் ஏறித் தெருத் தெருவாகச் சென்றது. மழையை நம்பி வாழும் மக்ரிபிலிருந்து வந்தவருக்கு, இப்படி நாள்தோறும் ஒரு நதியையே சுமந்து திரியும் நகரம் வியப்பளித்ததில் ஆச்சரியமில்லை.

நதியைப் பற்றிய அவரது மற்றொரு குறிப்பும் இத்தகையதே. நைலின் வெள்ளம் 16 முழம் உயர்ந்தால் சுல்தானுக்குரிய கராஜ் வரி முழுமையாகக் கிடைக்கும். 18 முழத்தை எட்டினால் விளைநிலங்கள் கெட்டு நோய் பரவும். 16க்கு ஒரு முழம் குறைந்தால் வரி குறையும். இரண்டு முழம் குறைந்தால் மக்கள் தண்ணீர் வேண்டித் தொழுவார்கள் என்று கணக்குச் சொல்கிறார். வானத்தைப் பார்த்து விளைச்சலைக் கணிக்கும் நாட்டிலிருந்து வந்தவர், அளவுகோலைப் பார்த்து விளைச்சலையும் வரியையும் கணிக்கும் நாட்டைப் புரிந்துகொண்ட விதம் இது.

கான்காஹின் வாயில்

கெய்ரோ பற்றிய பக்கங்களில் மிகவும் உயிரோட்டமானது, ஸூஃபிகளின் தங்குமடங்களான கான்காஹ்களைப் பற்றிய பகுதி. அமீர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு இவற்றைக் கட்டியதாக அவர் கூறுகிறார். அங்கிருந்தோரில் பெரும்பாலோர் அஜமிகள், அதாவது பாரசீகப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். காலையில் மடத்தின் பணியாளர் ஃபக்கீர்களிடம் வந்து, ஒவ்வொருவருக்கும் விருப்பமான உணவு எதுவென்று கேட்பார். ரொட்டியும் குழம்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாத்திரத்தில் வரும். கோடைக்கும் குளிருக்கும் ஆடைகள், மாதம் 20 முதல் 30 திர்ஹம் வரை உதவித்தொகை, வெள்ளி இரவுகளில் இனிப்பு, துணி துவைக்கச் சவர்க்காரம், குளியலறைக் கட்டணம், விளக்குக்கு எண்ணெய் என எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது.

இவ்வளவையும் பட்டியலிட்ட பின், புதிதாக வரும் ஒருவர் எவ்வாறு ஏற்றுக்கொள்ளப்படுவார் என்பதை அவர் அடி அடியாக விவரிக்கிறார். வந்தவர் இடுப்பை வரிந்து கட்டி, தோளில் தொழுகை விரிப்பும் வலக்கையில் கைத்தடியும் இடக்கையில் நீர்க்குவளையுமாக வாயிலில் நிற்பார். வாயிற்காவலர் உள்ளே தகவல் சொல்வார். பணியாளர் வெளியே வந்து மூன்று செய்திகளைக் கேட்பார்: எந்த ஊரிலிருந்து வருகிறீர், வழியில் எந்தெந்த மடங்களில் தங்கினீர், உங்கள் ஷெய்கு யார்? சொன்னது மெய்யெனத் தெரிந்தால் அவரை உள்ளே அழைத்துச் சென்று, தகுந்த இடத்தில் விரிப்பை விரித்து, உளூச் செய்யும் இடத்தைக் காட்டுவார். வந்தவர் உளூவைப் புதுப்பித்து, இரண்டு ரக்அத் தொழுது, ஷெய்குக்கும் அங்கிருப்போருக்கும் முஸாஃபஹா செய்து, அவர்களோடு அமர்வார். அத்துடன் அவர் அந்நியர் அல்லர்.

தூனிஸின் வாயிலில் அழுதவர் இதை எழுதினார் என்பதை மறவாமல் படிக்க வேண்டும். அங்கே ஸலாம் கிடைத்தது தனி மனிதர் ஒருவரின் இரக்கத்தால். அந்த ஹாஜி திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால் ஆறுதலும் இல்லாமற்போயிருக்கும். கெய்ரோவிலோ அந்த இரக்கத்துக்கு ஓர் ஒழுங்குமுறை இருந்தது: கேட்க ஓர் ஆள், கேட்க வேண்டிய கேள்விகள், விரிப்புக்கு ஓர் இடம், அதைத் தாங்கி நிற்க வக்ஃபு வருமானம். எவருடைய மனநிலையையும் சாராமல், வருகிறவருக்கு ஸலாம் சொல்லப்படும் என்ற உறுதியை அந்த நகரம் கட்டி வைத்திருந்தது.

நெடிய மரபு

இம்மரபு அந்நாஸிரின் காலத்தில் தோன்றியதன்று. எகிப்தின் முதல் கான்காஹான ஸஈதுஸ் ஸுஅதாவை ஸலாஹுத்தீன் 1173இல் நிறுவியபோது, தொலைநாடுகளிலிருந்து வரும் ஃபக்கீர்களுக்கென்றே அதை வக்ஃபு செய்தார். அவருடைய ஆட்சியின்போது, 1183ஆம் ஆண்டின் மார்ச் இறுதியில், அந்தலூஸிலிருந்து இஸ்கந்தரிய்யாவில் வந்திறங்கியவர் இப்னு ஜுபைர். துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் ஹாஜிகளை நடத்திய விதம் அவரைக் கொதிக்க வைத்தது. மூட்டைகள் கிளறப்பட்டன, இடுப்புக் கச்சைக்குள் கைவிட்டுத் துழாவினார்கள், வேறெதுவும் மறைத்து வைக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் வைத்தார்கள். சுல்தானுக்கு இது தெரிந்திருந்தால் தடுத்திருப்பார் என்று எழுதித் தம்மைத் தேற்றிக்கொள்கிறார்.

அதே இப்னு ஜுபைர் அதே நகரில் வேறொன்றையும் கண்டார். தொலைவிலிருந்து வரும் மாணவர்களுக்கு உறைவிடமும் ஆசிரியரும் உதவித்தொகையும் இருந்தன. அந்நியர்களுக்கெனக் குளியலறைகளும் மருத்துவமனையும் இருந்தன. மருத்துவமனைக்கு வர இயலாத வெளியூர் நோயாளிகளைத் தேடிச் சென்று பார்க்க ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். மக்ரிபி வழிப்போக்கர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டிகள் வழங்கப்பட்டன. கெய்ரோவில் இப்னு தூலூன் பள்ளிவாசல் மக்ரிபிகளின் தங்குமிடமாக ஒதுக்கப்பட்டு, அவர்களுக்கு மாத உதவித்தொகையும், தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையும் தரப்பட்டிருந்தன. ஒரே நாட்டின் துறைமுகம் பயணியை அவமானப்படுத்தியது. அதன் வக்ஃபு அவருக்குச் சோறிட்டது. இரண்டையும் மறைக்காமல் எழுதியதால் இப்னு ஜுபைரின் சாட்சியம் மதிப்புப் பெறுகிறது.

இவ்வமைப்புகளின் வேர் எங்குள்ளது என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரை எண்ணிச் சொல்லும் திருக்குர்ஆனின் 9:60ஆம் வசனத்தில் வழிப்போக்கரும் ஒரு பிரிவினர். தம் ஊரில் செல்வராயினும், வழியில் கைப்பொருள் இழந்தவருக்கு அதில் பங்குண்டு என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் விளக்கம். வழிப்போக்கருக்கு உதவுவது தனிமனிதரின் தயவன்று, அவருக்குரிய உரிமை என்னும் இக்கருத்தே கல்லும் சுண்ணாம்புமாகக் கெய்ரோவில் எழுந்து நின்றது.

மருத்துவமனையும் மனிதர்களும்

பைனல் கஸ்ரைன் வீதியில் கலாவூன் 1284-85இல் எழுப்பிய பீமாரிஸ்தான் என்னும் மருத்துவமனையின் அழகை வருணிக்க வார்த்தை போதாது என்கிறார் இப்னு பதூதா. அதன் வருவாய் நாளொன்றுக்கு ஆயிரம் தீனார் என்று கேள்விப்பட்டதாகவும் குறிக்கிறார். கலாவூன் அமீராக இருந்தபோது திமிஷ்கில் நோயுற்று, நூருத்தீன் ஸங்கி கட்டிய மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்தார். தாம் ஆட்சிக்கு வந்தால் அதுபோல ஒன்றைக் கட்டுவதாக அப்போது நேர்ந்துகொண்டார் என வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். ஆண், பெண், அரசர், குடிமகன், அடிமை, சுதந்திரர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் அது திறந்திருக்க வேண்டுமென விதிக்கப்பட்டது.

அறிஞர்களைப் பற்றி இப்னு பதூதா தரும் பட்டியலும் வேறொரு வகையில் சிந்திக்க வைக்கிறது. இலக்கணப் பேரறிஞராக அவர் குறிப்பிடும் அபூ ஹைய்யான், 'அல் கிரனாதீ'. தர்க்கம் முதலான கலைகளில் முதன்மையானவராகச் சொல்லப்படும் ஷம்ஸுத்தீன், 'அல் இஸ்பஹானீ'. அல் அஸ்ஹர் பள்ளிவாசலின் மேல்தளத்தில் வசித்தபடி, தம்மைச் சூழ்ந்திருந்த மாணவர்களுக்குக் கற்பித்தும் ஃபத்வா வழங்கியும் வந்த கிவாமுத்தீன், 'அல் கிர்மானீ'. மேற்கே அந்தலூஸின் கிரனாதா, கிழக்கே ஈரானின் இஸ்ஃபஹானும் கிர்மானும்: பெயர்களின் ஒட்டுகளை மட்டும் வைத்தே அன்றைய முஸ்லிம் உலகின் வரைபடத்தை வரைந்துவிடலாம். ஒரு காலத்தில் இவர்களும் வழிப்போக்கர்களாக வந்தவர்களே. வந்தவர்களைத் தங்க வைத்ததால் நகரம் அறிவு பெற்றது. அந்த அறிவைத் தேடி மேலும் பலர் வந்தனர்.

நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனித் தலைமைக் காழிகளை 1265இல் சுல்தான் பைபர்ஸ் நியமித்திருந்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். எகிப்தில் ஷாஃபிஈகளே மிகுதி. இருந்தும் மக்ரிபிலிருந்து வந்த மாலிக்கீ இளைஞர் ஒருவர், தம் மத்ஹபின் காழியையும் அதன் ஆசிரியர்களையும் அந்நகரில் காண முடிந்தது.

நிழலும் உண்டு

இச்சித்திரத்தை முழுமையான பொற்காலமாக்கிவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கான்காஹின் வாயிலில் கேட்கப்பட்ட மூன்று கேள்விகள், தக்க விடை உள்ளவருக்கே கதவைத் திறந்தன. ஷெய்கு ஒருவரின் பெயரைச் சொல்ல முடியாத கூலிக்காரருக்கு அந்த விரிப்பில் இடமில்லை. இப்னு பதூதா அரபு மொழி அறிந்தவர், சட்டக் கல்வி பெற்றவர், ஆண். அவருக்குத் திறந்த கதவுகள் எல்லோருக்கும் திறந்தன என்று கொள்ள முடியாது. தண்ணீர் சுமந்த பன்னிரண்டாயிரம் பேரும் ரிஹ்லாவில் ஓர் எண்ணாக மட்டுமே நின்றுவிடுகின்றனர்.

கலாவூனின் கட்டிடத்தைப் பற்றி மக்ரீஸி தரும் மற்றொரு செய்தி இன்னும் கூர்மையானது. கட்டுமானம் விரைவில் முடிய வேண்டுமென, அவ்வீதி வழியே சென்றோரைப் பிடித்துக் கல் சுமக்க வைத்தார்கள். குதிரையில் சென்ற கண்ணியவான்களையும் விடவில்லை. ஆகவே பலரும் அப்பாதையையே தவிர்த்தார்கள். இடம் கைப்பற்றப்பட்ட முறையையும் இந்தக் கட்டாய உழைப்பையும் காரணம் காட்டி, அங்கு தொழுவது சரியா என்று மார்க்க அறிஞர்கள் சிலர் ஐயம் எழுப்பினார்கள். அந்நியரை ஆதரிக்க எழுந்த மாளிகை, வழிப்போக்கரின் முதுகில் கல்லேற்றிக் கட்டப்பட்டது. இம்முரண்பாட்டை மறைக்காமல் நமக்கு விட்டுச் சென்றவர்களும் அதே நகரின் முஸ்லிம் அறிஞர்களே.

மீண்டும் கெய்ரோ

1326இல் இப்னு பதூதா கெய்ரோவில் தங்கியது குறுகிய காலமே. செங்கடல் வழியாக ஹிஜாஸ் செல்ல எண்ணி மேல் எகிப்தின் வழியே ஐதாப் துறைமுகம்வரை சென்றார். அங்கே நடந்த போரினால் கப்பல் கிடைக்காமல் திரும்பினார். கெய்ரோவில் ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டு, ஷஃபான் மாத நடுவில் ஷாம் நோக்கிப் புறப்பட்டார். அதன் பின் அவரது பாதை ஹிஜாஸ், ஈராக், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியா, மாலத்தீவு, மாபார், சீனம் என நீண்டது.

ஊர் திரும்பும் வழியில் 1348இல் அவர் ஷாமுக்கு வந்தபோது, பெருங்கொள்ளைநோய் மத்தியதரைக் கடலின் கரைகளைச் சூழ்ந்திருந்தது. தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி திமிஷ்கில் அவரை எட்டியது. கெய்ரோவை அடைந்தபோது, நோய் உச்சத்தில் இருந்த நாட்களில் அங்கே ஒரு நாளைக்கு 21,000 பேர் வரை இறந்ததாகச் சொன்னார்கள். அவ்வெண்ணிக்கையும் கேள்விப்பட்டதுதான். ஆனால் அடுத்து அவர் சொல்வது அவரே கண்டறிந்தது: அந்நகரில் தாம் அறிந்திருந்த ஷெய்குமார்கள் அனைவரும் மறைந்துவிட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் எதுகை இல்லை, உவமை இல்லை. இறந்தோருக்காக ஒரு துஆவுடன் நூல் அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறது. இருபத்திரண்டு வயதில் எவரையும் அறியாமல் நுழைந்த நகரில், நாற்பத்து நான்கு வயதில் மீண்டும் அறிந்தவர் எவருமின்றி அவர் நின்றார். ஆனால் இம்முறை அவர் அழுததாக எழுதவில்லை. அவருக்கு ஸலாம் சொன்ன மனிதர்கள் போய்விட்டிருந்தாலும், வருகிறவருக்கு ஸலாம் சொல்லும் ஏற்பாடு போய்விடவில்லை. கொள்ளைநோய்க்குப் பிறகும் கெய்ரோவின் மடங்களும் மத்ரஸாக்களும் அந்நியரை ஏற்றுக்கொண்டே இருந்தன. 1383ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூனிஸிலிருந்து குடும்பத்தை விட்டுத் தனியே வந்து சேர்ந்த வேறொரு மக்ரிபியை அந்நகரம் ஆசிரியராகவும் மாலிக்கீ தலைமைக் காழியாகவும் ஏற்றுக்கொண்டது. 1406இல் இறக்கும்வரை அவருக்குக் கெய்ரோவே ஊராயிற்று. அவர் பெயர் இப்னு கல்தூன்.

கலாவூனின் அடக்கத்தலமும் மத்ரஸாவும் இன்றும் கெய்ரோவின் பழைய வீதியில் நிற்கின்றன. அவற்றின் உயரத்தையும் கல்வேலையையும் எந்தப் பயணியும் ஒரே பார்வையில் கண்டுவிடலாம். கான்காஹின் வாயிலில் நின்று கேட்கப்பட்ட கேள்விகளையும், விரிக்கப்பட்ட விரிப்பையும் காண ரிஹ்லாவைத் திறக்க வேண்டும். நம் ஊர்களிலும் பள்ளிவாசலையொட்டி முசாஃபிர்கானாக்கள் கட்டிய முன்னோர்கள் இருந்தார்கள். அவற்றுள் எத்தனை இன்று கடைகளாக வாடகைக்கு விடப்பட்டுள்ளன, எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்பதை அந்தந்த ஊர் ஜமாஅத்தார் அறிவார்கள். முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் காய்ச்சலோடு நம் ஊர் வாயிலில் வந்து நின்றால், அவரிடம் முதலில் கேட்கப்படுவது என்ன, காட்டப்படும் இடம் எது என்பதற்கு நம்மிடம் விடை இருக்க வேண்டும்.